கானகத்து யசோதை

பெற்ற தாய்க்கு இல்லாத ஒரு துயரம் வளர்ப்புத் தாய்க்கு உண்டு. வளர்த்த பிள்ளையை ஒருநாள் உரியவரிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும். ஆயர்பாடியில் யசோதைக்கு வந்த அந்த நாள், ஆப்பிரிக்கக் கானகத்தில் வாழ்ந்த ஓர் அமெரிக்க மாதரசிக்கும் வந்தது. அவர் வளர்த்தவை தாயை இழந்த கொரில்லாக் குட்டிகள். அவரே டயன் ஃபாஸி அம்மையார்.

அம்மையார் 1932-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் ஸான்பிரான்ஸிஸ்கோவில் பிறந்தார். மிருக வைத்தியராக வேண்டுமென்று கல்லூரியில் சேர்ந்தார். விஞ்ஞானப் பாடங்கள் கைகொடுக்கவில்லை. மனந்தளராமல், உடற்குறையுள்ளோரைக் கைத்தொழில்கள் மூலம் தேற்றும் சிகிச்சை முறையைக் கற்று 1954-ல் பட்டம் பெற்றார். பின்னர் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். பேசாத குழந்தையின் மனத்தை அறியவும், அதன் நம்பிக்கையைப் பெறும்வரை காத்திருக்கவும் அங்கேதான் பழகினார்.

1963-ல் கடன் வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்க யாத்திரை சென்றார். மனித இனத்தின் தோற்றத்தை ஆராய்ந்த லூயி லீக்கியைச் சந்தித்ததும், மலைக் கொரில்லாக்களை முதன்முதலாகக் கண்டதும் அந்த யாத்திரையிலேதான். மூன்றாண்டுகள் கழித்து லீக்கியே அவரை இப்பணிக்கு அழைத்தார். 1967 தொடக்கத்தில் காங்கோவில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கு மூண்ட கலகத்தால் ஜூலையில் வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், அண்டை நாடான ருவாண்டாவில், கரிஸிம்பி, விஸோக் என்னும் இரு சிகரங்களுக்கிடையே கூடாரமடித்தார். இரு பெயர்களையும் இணைத்து அவ்விடத்துக்குக் கரிஸோக் எனப் பெயரிட்டார். சுமார் 3,000 மீட்டர் உயரம். ஓயாத மழை, குளிர், உடலெங்கும் அரிப்பெடுக்கும் செந்தட்டிப் புதர்கள். அங்கே கொரில்லாக்களைப் போலவே கைம்முட்டியை ஊன்றி நடந்தும், தழையை மென்றும், அவற்றின் குரலொலியை எழுப்பியும் நெருங்கினார். மனிதனைக் கொல்லும் பூதமென்று உலகம் நம்பிய விலங்கு, சாதுவாகத் தழை தின்று குடும்பமாக வாழ்வதை அவர் எழுத்து உலகுக்கு உணர்த்தியது.

1969-ல் சோதனை வந்தது. ஜெர்மனியின் கொலோன் நகர மிருகக்காட்சிசாலைக்கென்று பிடிக்கப்பட்ட இரண்டு குட்டிகள் குற்றுயிராக அவரிடம் வந்து சேர்ந்தன. கொரில்லாக் குடும்பம் தன் குட்டிக்காக உயிரைக் கொடுத்துப் போராடும். ஆதலால் ஒரு குட்டியைப் பிடிக்கப் பெரியவை பல மடியவேண்டியிருக்கும். இவ்விரண்டும் அவ்வாறு அநாதையானவையே. கோகோ, பக்கர் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். தமது குடிசையின் ஓர் அறையில் செடிகொடிகளைக் கொண்டுவந்து பரப்பிச் சிறு காடாக்கினார். பாலும் மருந்தும் புகட்டி, இரவெல்லாம் கண்விழித்துப் பேணினார். கோகோ ஜன்னல் வழியே மலைச்சரிவைப் பார்த்துக் கண்ணீர் விட்டு அழுததாக அவர் எழுதியிருக்கிறார். தேறிய குட்டிகளைக் காட்டுக்கே திருப்பிவிட வேண்டுமென்று மன்றாடினார், பலிக்கவில்லை. அனுப்ப மறுத்தால் வேறு குட்டிகள் பிடிக்கப்படும், மீண்டும் பல உயிர்கள் மடியும் என்ற நிலையில், மனம் உடைந்து இசைந்தார். இரண்டும் 1978-ல் கொலோனிலேயே மாண்டன.

அதற்குச் சற்று முன், 1977 டிசம்பர் 31-ல், அவருடைய நேசத்துக்குரிய டிஜிட் என்ற ஆண் கொரில்லா, தன் கூட்டம் தப்பியோடும்வரை வேட்டைக்காரரைத் தடுத்து நின்று ஈட்டிகளுக்கு இரையானது. அதன் பெயரால் அம்மையார் ஒரு நிதி தொடங்கினார். 1980 புத்தாண்டு நாளில், வேட்டைக்காரரிடமிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண்குட்டி வந்தது. பிரெஞ்சு மொழியில் புத்தாண்டு வாழ்த்து என்று பொருள்பட அதற்குப் போன் ஆனே எனப் பெயரிட்டார். இம்முறை அவர் எண்ணம் ஈடேறியது. கரிஸோக்கில் பணிசெய்த இளைஞர்கள் குட்டியைக் காட்டுக்குக் கொண்டுசென்றனர். முதலில் விடப்பட்ட கூட்டம் அதைத் தாக்கவே, மீட்டுவந்தனர். பிறகு ஏற்றுக்கொண்டது எது தெரியுமா? டிஜிட்டை இழந்த அதே கூட்டத்தில் எஞ்சியிருந்தவை! ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அக்குட்டி தன் இனத்தோடு சுதந்திரமாக வாழ்ந்து, பின்னர் நிமோனியாவால் இறந்தது. குறுகிய வாழ்வுதான், ஆயினும் கூண்டுக்குள் கழிந்த வாழ்வன்று.

அம்மையாரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. வேட்டைக்காரரிடம் அவர் காட்டிய கடுமை அளவுமீறியது. சுற்றிலும் வாழ்ந்த ஏழை மக்களின் பசியை அவர் போதிய அளவு எண்ணவில்லை என்போரும் உண்டு. உல்லாசப் பயணிகள் வருகையை வெறுத்தார். இன்றோ அவ்வருமானமே அம்மலைக்குக் காவலாக இருக்கிறது.

1985 டிசம்பர் 26-ஆம் நாள் இரவு, தமது குடிசையில் வெட்டுண்டு மாண்டார். அக்கொலையின் மர்மம் ஐயமற இன்னும் துலங்கவில்லை. டிஜிட்டின் சமாதிக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அவர் காலத்தில் அம்மலைத் தொடரில் சுமார் 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. 2018-ல் வெளியான கணக்கின்படி அங்கே 604 இருந்தன. காங்கோவின் விருங்கா வனத்தில், 2007-ல் கொல்லப்பட்ட ஸென்க்வெக்வே என்ற ஆண் கொரில்லாவின் பெயரால், அநாதைக் குட்டிகளுக்கென ஓர் இல்லம் நடைபெறுகிறது. அங்கே வளர்ந்த இண்டகாஸி, 2021-ல் தன்னைக் குழந்தைப் பருவமுதல் பேணியவரின் மடியில் சாய்ந்தபடி உயிர்நீத்தது.

இத்தகைய இல்லங்களில் தொண்டு செய்வோர் முகத்தை மூடிக்கொள்கின்றனர். நம் சாதாரண ஜலதோஷமே அந்த ஜீவன்களுக்கு யமனாகும். குட்டி தம்மை மறந்து தன் இனத்தைத் தேட வேண்டுமென்றே அவர்கள் பாடுபடுகின்றனர். அணைத்துக்கொள்ளும் அன்பு எளிது. பிறகு பிரிந்துபோக விடும் அன்பே அரிது. அந்த அரிய அன்பைக் கற்க, குளிர்மலைக் குடிசையொன்றில் பதினெட்டு ஆண்டுகளைச் செலவிட்ட பெருமாட்டியை நாமும் நம் குழந்தைகளும் நினைவில் வைத்துப் போற்றுவோமாக.