காரணி தேடாத கணக்கு

ஓர் எண் பகா எண்தானா என்பதை அறிய நாம் கற்றுள்ள வழி, சிறிய பகா எண்களால் அதனை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதாகும். 97 எனில் நொடியில் முடிந்துவிடும். 2-இன் 127ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 170141183460469231731687303715884105727 என்னும் 39 இலக்க எண்ணுக்கோ, 20 இலக்க எண்கள்வரை வகுத்துச் செல்லவேண்டும். அதற்கு மனித ஆயுள் போதாது. அவ்வாறு வகுக்காமலேயே அதனைப் பகா எண் என 1876இல் அறிவித்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்டு லூகாஸ்.

1842இல் ஆமியேன் நகரில் பிறந்த லூகாஸ், பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றினார். 1870இல் மூண்ட பிரஷ்யப் போரில் பீரங்கிப் படை அலுவலராக இருந்தார். போருக்குப்பின் பள்ளியாசிரியரானார். பிபனாசித் தொடரின்மீது அவருக்குத் தீராத ஈடுபாடு உண்டு. அப்பெயர் நிலைபெறக் காரணமானவரும் அவரே. அத்தொடரைப் போன்ற எண்வரிசைகளே அவருக்குப் புதுவழி காட்டின.

மெர்சென் என்னும் துறவி, 2-இன் அடுக்குகளினும் 1 குறைந்த எண்களுள் பகா எண்களாவன எவை என 1644இல் ஒரு பட்டியல் தந்திருந்தார். 67, 127 ஆகிய அடுக்குகளும் அதில் இடம்பெற்றிருந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்விரண்டையும் சோதித்து முடிவு கண்டவர் எவருமிலர்.

லூகாசின் முறையைப் பின்னாளில் லெமர் எளிமையாக்கினார். அவ்வடிவில் 31-ஐச் சோதிப்போம். இது 2-இன் 5ஆம் அடுக்கினும் 1 குறைந்தது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 14. மீண்டும் அவ்வாறே செய்தால் 194. அதை 31-ஆல் வகுக்க மீதி 8. மீண்டும் செய்தால் 62, மீதி சுழி. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில், அதாவது மூன்றாம் படியில், சுழி வந்தமையால் 31 பகா எண். வேறு மீதி வந்திருப்பின் அது பகு எண்.

39 இலக்க எண்ணுக்கு இத்தகைய படிகள் நூற்றுக்கும் மேல். லூகாஸ் எண்களை இரண்டடிமான முறையில் எழுதி, சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய்களை நகர்த்திக் கணக்கிட்டார். ஒரு காய் இடம் மாறினாலும் அனைத்தும் வீணாகும். ஆகவே அவர் முடிவைப் பிறிதொருவர் சரிபார்ப்பது இன்றியமையாததாயிற்று. அது 1914இல்தான் நிறைவேறியது.

67ஆம் அடுக்குக்குரிய எண் பகா எண் அன்று எனவும் லூகாஸ் அதே 1876இல் காட்டினார். ஆயின் அதன் காரணி ஒன்றையேனும் அவர் கூறவில்லை. உடைபடும் என்று உறுதியாகச் சொல்லி, எங்கே உடையும் என்று சொல்லாத விந்தை இது!

1883இல் 'ஹனாய் கோபுரம்' என்னும் விளையாட்டைப் புனைபெயரில் வெளியிட்டார். அதில் 7 வட்டுகளை இடம்மாற்றத் தேவையான நகர்த்தல்கள் 127; அதாவது 2-இன் 7ஆம் அடுக்கினும் 1 குறைவு. விளையாட்டிலும் அவரை அவ்வகை எண்களே பின்தொடர்ந்தன.

1891இல் ஒரு விருந்தின்போது தவறி விழுந்து உடைந்த தட்டின் சில்லு அவர் கன்னத்தைக் கிழித்தது. அதைத் தொடர்ந்த தோல் தொற்றால் சில நாள்களில் தம் 49ஆம் வயதில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்கரான கோல், 67ஆம் அடுக்குக்குரிய எண்ணின் காரணிகளைக் கண்டறிந்தார். அவை 193707721, 761838257287. லூகாசின் 39 இலக்க எண்ணினும் பெரிய பகா எண் ஒன்று அறியப்பட, 1951ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.