நீர் தந்த ஒளி

தோற்றுவாய்

குவளையில் உள்ள நீர் தெளிந்திருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றினும், அதனுள் புலனாகாத பொருள்கள் பல கரைந்துள்ளன. காட்டிலும் வயலிலும் உதிர்ந்த இலைகளும், மாண்ட செடிகளின் வேர்களும் மட்கி மண்ணோடு கலக்கின்றன. மழைநீர் அம்மண்ணின் வழியே ஊறி வருங்கால், மட்கின் ஒரு பகுதியைக் கரைத்துக் கொண்டு ஆற்றையும் ஏரியையும் கடலையும் அடைகின்றது. உயிர்களிலிருந்து வந்த இப்பொருளைக் கரிமப் பொருள் என்பர் அறிவியலார். அது மிகுந்தவிடத்து நீர் தேநீர் போன்று பழுப்பு நிறம் பெறும். குறைந்தவிடத்துக் கண்ணால் அறிதல் இயலாது. அதனை அளந்தறிய இன்று ஒளியே கருவியாகப் பயன்படுகின்றது. அவ்வளவைக்கு அளவுகோலாக நிற்பது, தமிழகத்தில் பிறந்த பேரறிஞர் ஒருவர் கண்ட ஒளியாகும். அவரே சர் சி. வி. இராமன்.

இளமையும் கல்வியும்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மையார். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்தமையால், இராமனது இளமைக் கல்வி அந்நகரில் நிகழ்ந்தது. பின்னர் அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1904இல் இளங்கலைத் தேர்விலும், 1907இல் முதுகலைத் தேர்விலும் சிறப்புற வெற்றி பெற்றார். மாணவராக இருந்தபொழுதே, ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906இல் இங்கிலாந்து நாட்டு அறிவியல் இதழில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு அகவை பதினெட்டு.

அலுவலும் ஆராய்ச்சியும்

அந்நாளில் நம் நாட்டில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ளுதல் எளிதன்று. ஆதலின் இராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907இல் கல்கத்தாவில் உயர் அலுவலராக அமர்ந்தார். ஒருநாள் டிராம் வண்டியிற் செல்லுங்கால், பௌபசார்த் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணிற் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெரியார் 1876இல் நிறுவிய அக்கழகம், போதிய ஆராய்ச்சியாளர் இன்றி அமைதியுற்றுக் கிடந்தது. அன்று முதல் அலுவலுக்கு முன்னும் பின்னும் இராமன் அங்கே ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியம் குறைவாயினும், அரசாங்கப் பதவியைத் துறந்து அவ்வழைப்பை ஏற்றார்.

கடல் எழுப்பிய வினா

1921இல் இங்கிலாந்தில் நடைபெற்ற பல்கலைக்கழக மாநாட்டிற்குச் சென்ற இராமன், நர்குண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலின்மேற் பட்டு நீலமாய்த் தோன்றுகின்றது என்பது ராலே பெருமகனாரின் கருத்து. அக்காலத்து அறிஞர் பலரும் அதனையே ஒப்புக்கொண்டிருந்தனர். இராமனோ தம்மிடம் இருந்த நிகல் பட்டகம் என்னும் சிறு கருவியை எடுத்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தக்க கோணத்தில் நின்று அதனால் விலக்கிப் பார்த்தார். வானொளி விலகியும் நீலம் மறைந்திலது. முன்னினும் ஆழ்ந்து தோன்றியது. எனவே, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே அந்நீலத்திற்குக் காரணம் என அவர் தெளிந்து, பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தவுடன் அம்முடிவை எழுதி விடுத்தார். செந்நிறக் கதிர்களை நீர் தன்னுள் ஈர்த்துக்கொள்வதும் அந்நீலத்திற்கு ஒரு காரணம் என்பது இன்று நன்கு அறியப்பட்டுள்ளது.

அழுக்கின் ஒளியா? நீரின் ஒளியா?

கல்கத்தா திரும்பிய இராமன், நீர்மங்களில் ஒளி சிதறும் முறையை மாணவர் குழுவொன்றுடன் ஆராயத் தொடங்கினார். 1923இல் கே. ஆர். இராமநாதன் என்னும் மாணவர், நீரிற் சிதறிய ஒளியினூடே நிறம் மாறிய மெல்லொளி ஒன்று இருத்தலைக் கண்டார். இது யாதென்னும் வினா எழுந்தது.

சில பொருள்கள் ஒருநிற ஒளியை ஏற்று வேறுநிற ஒளியை உமிழும். இதனை ஒளிர்தல் என்பர். அதனை ஆராய்ந்து 1852இல் விளக்கியவர் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர். மட்கிலிருந்து வரும் கரிமப் பொருளும் இவ்வாறு ஒளிரும் இயல்புடையது. ஆகவே, நீரிற் கலந்த அழுக்கே அம்மெல்லொளிக்குக் காரணம் என்று கருதுதல் இயல்பே. அவ்வாறு கருதிக் கைவிட்டிருப்பின், எவரும் அவர்களைக் குறை கூறியிரார். ஆனால் இராமனது உள்ளம் அமைதி கொள்ளவில்லை. நீர்மங்களை மீண்டும் மீண்டும் வாலைவடித்துத் தூய்மை செய்வித்தார். அழுக்கு அகல அகல ஒளியும் குன்றுதல் வேண்டும் அன்றோ? அது குன்றவில்லை. பின்னர் கே. எஸ். கிருட்டிணன் ஆராய்ந்தபொழுதும் பல நீர்மங்களில் அவ்வொளி தோன்றியது. வெங்கடேசுவரன் என்பார் தூய கிளிசரினில் ஒளி பசுமையாகச் சிதறுதலைக் கண்டார். அவ்வொளி ஒரு தளத்தில் ஒழுங்குற்ற அதிர்வுடையதாய் இருந்தது. நீர்மங்களின் ஒளிர்தலில் அவ்வொழுங்கு பொதுவாகக் காணப்படுவதில்லை. ஆதலின் அது அழுக்கின் ஒளியன்று என்பது உறுதியாயிற்று.

புதிய ஒளி

1928ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 28ஆம் நாள் நிறமாலைகாட்டியின் வழியே நோக்கியபொழுது, அப்புதிய ஒளி முதலொளியினின்றும் பிரிந்து தனித்து விளங்கியது. அறுபது நீர்மங்கள் வரை ஆராய்ந்ததில், யாவும் கூடியோ குறைந்தோ அதனைக் காட்டின. மூலக்கூறின்மீது படும் ஒளியிற் பெரும்பகுதி நிறம் மாறாது சிதறும். மிகச் சிறு பகுதி மட்டும், தன் ஆற்றலில் ஓரளவை மூலக்கூறின் அதிர்வுக்கு ஈந்து, நிறம் மாறி வெளிவரும். இதுவே இராமன் விளைவு. 1930இல் இராமனுக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. கிருட்டிணனும் ஏனைய மாணவரும் ஆற்றிய அரும்பணியை நாம் மறத்தல் ஆகாது.

அளவுகோலான ஒளி

இனி, நீரின் கரிமப் பொருளை அளக்கும் முறையைக் காண்போம். மண்ணை நீரிலிட்டுக் கலக்கி வடித்தெடுத்த சாற்றிலோ, ஆற்றுநீரிலோ புற ஊதாக் கதிரைச் செலுத்துவர். கதிரின் அலைநீளம் 350 நானோமீட்டர் எனக் கொள்வோம். நானோமீட்டர் என்பது மீட்டரை நூறு கோடிக் கூறாக்கியதில் ஒரு கூறு. அந்நிலையில் நீரின் இராமன் ஒளி ஏறத்தாழ 397 நானோமீட்டரில் கூர்மையாகத் தோன்றும். மட்கின் ஒளிர்வோ, அதனினும் நீண்ட அலைநீளங்களில் அகன்று பரந்து தோன்றும். செலுத்தும் கதிரை மாற்றினால், இராமன் ஒளியும் உடன் இடம் பெயரும். மட்கின் ஒளிர்வோ பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும். எனவே இரண்டையும் பகுத்தறிதல் எளிது. கழிவுநீர் கலந்த நீரில் புரதத்தை ஒத்த பொருள்களின் ஒளிர்வும் மிகுந்து காணப்படும். அதனாற் கலப்பு நேர்ந்தமையை ஐயுற்று மேலும் ஆராயலாம்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. விளக்குகள் நாட்செல்லச் செல்ல ஒளி மங்கும். கருவிக்குக் கருவி வேறுபாடும் இருக்கும். ஓரிடத்தில் அளந்ததை மற்றோரிடத்து அளவோடு ஒப்பிடுவது எங்ஙனம்? தூயநீரின் இராமன் ஒளி இதற்குத் துணைபுரிகின்றது. அதே கருவியில் தூயநீரைச் சோதித்து, அதன் இராமன் ஒளியை அளவாகக் கொண்டு, கரிமப் பொருளின் ஒளிர்வு அதனைப் போல் எத்தனை மடங்கு எனக் கணக்கிடுவர். இவ்வளவையை இராமன் அலகு என்றே வழங்குகின்றனர்.

முடிவுரை

இராமன் 1933இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் இயக்குநரானார். 1948இல் தம் பெயரால் அந்நகரில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்த அவரது உடல், அந்நிலையத்துச் சோலையிலேயே எரியூட்டப்பெற்றது. பிப்பிரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாக நாம் கொண்டாடுகின்றோம்.

மாணவர்களே! அழுக்கின் ஒளியை விலக்கி, நீரின் ஒளியைக் காண இராமன் பல்லாண்டு முயன்றார். அவர் விலக்கிய அவ்வழுக்கின் ஒளியையே இன்று மண்ணையும் நீரையும் ஆய்வோர் தேடுகின்றனர். தேடுவதற்கு அவர் கண்ட ஒளியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆராய்ச்சியில் சிறிது என்று ஒதுக்கத்தக்கது யாதும் இல்லை. காரணம் விளங்காத ஒன்றைக் கண்டால், அதனை அழுக்கு என்று தள்ளிவிடாது, விளங்கும் வரை சோதித்தல் வேண்டும். இராமனது வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.