கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கலியாணம்

பொங்கல் கரும்பைக் கடிக்கும்போது ஜானகி அம்மாளையும் நினைத்துக்கொள்ளலாம். 1897இல் தலச்சேரியில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தவர்.

நல்ல கரும்பில் இனிப்பு அதிகம், தாங்கும் சக்தி குறைவு, நாணல் நேர்மாறு. இரண்டையும் கலந்தால் பிள்ளைச் செடிக்கு இருவரின் குரோமோசோம்களும் வரும். நம் பிள்ளைகளுக்கு அம்மா ஜாடையும் அப்பா உயரமும் வருவதுபோல. அவற்றை நுண்ணோக்கியில் எண்ணிக் கணக்கெடுத்தார் அம்மாள். நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளைகிறதே, அந்த மக்காச்சோளத்தோடும் கரும்பைக் கலந்து பார்த்து, 1938இல் எழுதினார்.

ஆண்களே நிறைந்த நிலையத்தில் தனித்து நின்ற பெண்ணுக்கு எதுவும் சுலபமாக இல்லை. 1939இல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவரைப் போர் இங்கிலாந்திலேயே நிறுத்தியது. அங்கே டார்லிங்டனோடு சேர்ந்து எழுதிய பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வந்தது. நேரு அழைக்க, 1951இல் திரும்பினார். 1977இல் பத்மஸ்ரீ. சென்னை மதுரவாயலில் கடைசிவரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்து, 1984இல் மறைந்தார்.