ஜனங்களின் சிற்பி ரூட்

மன்னர்கள் தங்கள் கீர்த்தி நிலைபெற வேண்டுமென்று பெருங்கட்டடங்களை எழுப்புகிறார்கள். அக்கட்டடங்கள் பிற்காலத்தில் யாருக்குச் சொந்தமாகும் என்பதை நிர்ணயிக்கிறவர்கள் ஜனங்களே. பாரிஸ் மாநகரின் வெற்றி வளைவு இவ்வுண்மைக்குத் தக்க உதாரணம். தன் படைகளின் புகழ் விளங்கும் பொருட்டு நெப்போலியன் சக்கரவர்த்தி 1806-ம் வருஷத்தில் கட்ட உத்தரவிட்ட தோரணவாயில் அது. சுமார் 50 மீட்டர் உயரமுள்ள அதன் சுவர்களிலே அறுநூறுக்கு மேற்பட்ட படைத்தலைவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் அதன் முன் நிற்பவர்களின் கண்கள் அப்பெயர்களைத் தேடுவதில்லை. ஒரு தூணில் உள்ள ஒரே சிற்பத்தொகுதியிலே சென்று பதிகின்றன. அதை வடித்த பிரான்ஸுவா ரூட் என்பவரின் சரித்திரத்தை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலமெனக் கருதுகிறோம்.

ரூட் 1784-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்தார். தகப்பனார் கணப்படுப்புகள் செய்து பிழைத்த தொழிலாளி. புரட்சியில் மிகுந்த பற்றுடையவர். மகனும் இளமையில் அத்தொழிலிலேயே பழகினார். அவருக்கு எட்டு வயதாயிருந்தபோது, 1792-ல், ஆஸ்திரிய, பிரஷ்யப் படைகள் பிரான்ஸின் மீது பாய்ந்தன. கூலிக்கன்றி, நாட்டைக் காக்கும் பொருட்டுத் தாமே முன்வந்த தொண்டர்கள் ஊர்தோறும் திரண்டு எல்லையை நோக்கி நடந்தார்கள். அவ்வருஷம் செப்டம்பரில் வால்மி என்ற இடத்தில் பகைவர் தடுத்து நிறுத்தப்பட்டனர்; உடனே பிரான்ஸ் குடியரசாயிற்று. பட்டறைச் சிறுவனாகிய ரூட் வளர்ந்த காலம் அத்தகையது.

உள்ளூர்ச் சித்திரப் பள்ளியில் தெவோஜ் என்னும் ஆசிரியரிடம் பயின்ற பின் அவர் பாரிஸ் சென்றார். 1812-ல் சிற்பத்துக்குரிய மிக உயர்ந்த பரிசாகிய ரோமாபுரிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசு பெற்றவர் ராஜாங்கச் செலவில் ரோமுக்குச் சென்று பயில்வது வழக்கம். ரூட்டுக்கோ அந்தப் பயணம் வாய்க்கவில்லை. 1815-ல் நெப்போலியன் வீழ்ந்து பழைய அரசவம்சம் திரும்பியபோது, ரூட்டை ஆதரித்து வந்த பிரெமியே என்பவர் நெப்போலியன் கட்சியைச் சேர்ந்தவராதலால் தேசத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. நன்றி மறவாத ரூட்டும் அக்குடும்பத்துடன் பிரஸ்ஸல்ஸ் நகரை அடைந்தார். அங்கே தெர்வியூரன் அரண்மனைச் சுவர்களுக்குப் புடைப்புச் சிற்பங்கள் செய்தார். கட்டடத்துக்கு அடங்கி நின்று, அதே சமயத்தில் தனி உயிருடன் விளங்கும் சிற்பத்தை ஆக்கும் வித்தை அங்கே கைவந்தது என்னலாம். அவ்வரண்மனை 1879-ல் தீக்கிரையாயிற்று. 1821-ல் பிரெமியேயின் குமாரத்தி ஸோபியை மணந்தார். அந்த அம்மையார் பிரசித்தி பெற்ற ஓவியர் தாவீதின் மாணவி. தாமே சிறந்த ஓவியர்.

அந்நிய மண்ணில் பன்னிரண்டு வருஷம் கழித்து 1827-ல் ரூட் பாரிஸ் திரும்பினார். ஆமையுடன் விளையாடும் நேப்பிள்ஸ் செம்படவச் சிறுவனின் சிலைக்காக 1833-ல் அவருக்கு அரசாங்க விருது அளிக்கப்பட்டது. அதன் பின்னரே வெற்றி வளைவின் வேலை வந்தது.

அப்போது அரசாண்டவர் லூயி பிலிப் மன்னர். 1830-ம் வருஷத்துப் புரட்சியால் சிங்காதனம் பெற்றவராகையால், எல்லாக் கட்சியாரையும் திருப்தி செய்ய வேண்டிய நிலை அவருடையது. வளைவின் நான்கு தூண்களுக்கும் ரூட் மாதிரிகள் தயாரித்தார். முடிவில் ஒன்று மாத்திரமே அவர் பங்குக்கு வந்தது. ஒன்றைக் கோர்தோவும் இரண்டை எதெக்ஸும் பெற்றனர். நான்கும் ஒருவர் கையில் விடப்பட்டிருந்தால் அவ்வளைவு இன்னும் எவ்வாறு பொலிந்திருக்கும் என்று எண்ணாதவர் அரிது.

கிடைத்த அந்த ஒரு தூணிலே ரூட் செய்தது என்ன? 1792-ம் வருஷத்துத் தொண்டர்களின் புறப்பாடு என்பதே அவருக்குக் குறிக்கப்பட்ட பொருள். அதில் அவர் மன்னரையோ தளபதியையோ நிறுத்தவில்லை. தாடியுள்ள வீரன் ஒருவன் தலைக்கவசத்தைத் தூக்கி அசைத்து அழைக்கிறான்; அவன் தோளோடு தோளாக ஆடையற்ற இளைஞன் ஒருவன் நடக்கிறான்; முதியவரும் கூட வருகிறார்; வில்லை வளைப்பவனும் கொம்பூதுபவனும் பக்கத்தில் நிற்கிறார்கள். எல்லோரும் பண்டைக் காலத்துப் போர்வீரர் கோலத்திலேயே இருக்கிறார்கள். ஆதலால் இது ஒரு வருஷத்துக்கோ ஒரு படைக்கோ உரிய காட்சியாகாமல், நாடு ஆபத்திலிருக்கும் வேளையில் எழுந்து நடக்கும் எந்த ஜனசமூகத்துக்கும் பொருந்துவதாகிறது. அவர்கள் தலைக்கு மேலே சிறகு விரித்த சுதந்திர தேவி வாளை முன்னே நீட்டி, வாய் திறந்து முழங்குகிறாள். அந்த முகத்துக்குத் தம் மனைவியையே கூவச் செய்து மாதிரியாக வைத்துக்கொண்டார் என்று சொல்வதுண்டு. 1836-ம் வருஷம் ஜூலையில் வளைவு திறக்கப்பட்டது. தொண்டர்கள் பாடிச் சென்ற மார்ஸேய்ஸ் கீதத்தின் பெயரையே ஜனங்கள் அச்சிற்பத்துக்கு இட்டார்கள். ராஜாங்கம் வைத்த பெயர் ஏட்டோடு நின்றது.

இத்தகையவரைப் பண்டிதர் சபை ஏற்றுக்கொண்டதா? கலைக்கழகத்தின் கதவு கடைசி வரையில் அவருக்குத் திறக்கவில்லை. அவரோ தம் பட்டறையில் இளைஞர்களைச் சேர்த்து, தூக்குநூலும் கவராயமும் கொண்டு இயற்கை உருவத்தை அளந்து பழகும் முறையைக் கற்பித்தார். பிற்காலத்தில் பாரிஸ் ஆபெரா மாளிகையின் நடனச் சிற்பத்தை வடித்த கார்ப்போ அவரிடம் பயின்றவரே.

ரூட்டின் உள்ளத்தில் ஒரு முரண்பாடு இருந்ததையும் மறைக்க வேண்டுவதில்லை. குடியரசுவாதியாகிய கவெஞ்ஞாக்கின் சமாதிக்கு அவர் உருவம் சமைத்தார். அதே 1847-ல், குடியரசை முடித்துச் சக்கரவர்த்தியான நெப்போலியன் அமரத்துவத்துக்குக் கண் விழிக்கும் சிலையையும் பிக்ஸேன் கிராமத்தில் நிறுவினார். ஜனசக்தியை வணங்கியவரே அதைத் தன் வசப்படுத்திய தனி மனிதரையும் வணங்கினார். அவர் தலைமுறையில் பலரைப் பிடித்த மயக்கம் இது. பிற நாடுகளும் இதற்கு விலக்கல்ல. தலைவரிடத்தில் பக்தி மிகும்போது ஜனங்கள் தங்கள் உரிமையை அவர் காலடியில் வைத்துவிடுகிறார்கள். ரூட்டின் இரண்டு சிற்பங்களையும் ஒருங்கே நோக்குவோர் இதை உணர்வார்கள்.

1815 டிசம்பர் 7-ல் சுட்டுக் கொல்லப்பட்ட தளபதி நேயின் சிலையை, அவர் வீழ்ந்த இடத்தருகே 1853-ல் அதே தேதியில் நிறுவினார்கள். அதுவும் ரூட்டின் கைவண்ணமே. 1855-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி அவர் காலமானார்.

அவர் வடித்த தொண்டர்களோ நடந்துகொண்டேயிருக்கிறார்கள். 1920-ல் பெயரறியாப் போர்வீரன் ஒருவனை அவ்வளைவின் கீழ் கொணர்ந்து வைத்தார்கள். தளபதிகளின் பெயர்ப் பட்டியலுக்கடியில் பெயரற்றவனுக்கு முதல் மரியாதை கிடைத்தது. 1940 ஜூனில் ஜெர்மானியர் படை அந்த முழங்கும் தேவியின் கண்ணெதிரே அணிவகுத்துச் சென்றது. 1944 ஆகஸ்டு 26-ல் விடுதலை பெற்ற பாரிஸின் ஜனத்திரள் அங்கிருந்தே புறப்பட்டது. 2018 டிசம்பர் 1-ல் நடந்த கலகத்தில், வளைவின் உள்ளே வைத்திருந்த அத்தேவி முகத்தின் சாந்து வார்ப்பைச் சிலர் உடைத்தார்கள். மூலச் சிற்பம் வெளியே தூணில் ஊனமின்றி நின்றது.

கட்ட உத்தரவிட்ட சக்கரவர்த்தி, முடித்து வைத்த மன்னர் இருவருமே முடியிழந்து அந்நிய மண்ணில் மாண்டார்கள். அவ்விருவருக்கும் இடையே உளி பிடித்த ஒரு தொழிலாளியின் மகன், தனக்குக் கிடைத்த ஒரு தூணை ஜனங்களுக்கு உரிமையாக்கினார். பொதுக் கட்டடங்களில் வேலை செய்யும் கலைஞர்கள் கூலி கொடுப்பவரின் விருப்பத்துக்கு அப்பாலும் ஒரு கடமை உண்டென்பதை அவர் சரித்திரத்திலிருந்து அறிவார்களாக.