ராமாநுஜம் பட்டியலில் விடுபட்ட எண்

60 என்னும் எண்ணின் சௌகரியம் நம் பஞ்சாங்கக்காரர்களுக்குப் புதிதன்று. நாளொன்றுக்குரிய 60 நாழிகையை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் ஆறாகவும் மிச்சமின்றிப் பங்கிடலாம். அவ்வெண்ணை மீதமின்றி வகுக்கும் எண்கள் 12. அதற்குக் கீழ்ப்பட்ட எவ்வெண்ணுக்கும் இத்தனை கிடையா. இவ்வாறு தம்மினும் சிறிய எண்கள் யாவற்றையும் இவ்வகையில் விஞ்சி நிற்பவற்றைத் தனி இனமாக வகுத்து ஆராய்ந்தவர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜம்.

1887-ஆம் வருஷம் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதமொழிந்த பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்ததும், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக அமர்ந்ததும், 1914-இல் கப்பலேறியதும் யாவரும் அறிந்தவை. 1915-இல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் மேற்சொன்ன எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையை அறிந்தவரோ சிலரே. எப்.ஏ. பரீக்ஷையில் தேறாத அவருக்குக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1916-இல் பி.ஏ. பட்டம் அளித்தது அதற்காகவே.

அக்கட்டுரையில் இத்தகைய எண்கள் நூற்றுக்கு மேல் வரிசையாய் அமைந்த பட்டியலொன்று உண்டு. அதன் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதை வகுப்பவை 10,080. கணிப்பொறி தோன்றாத காலத்தில் கையால் செய்த வேலை இது!

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டது. அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 இரண்டையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் அது வரும். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாமை, பெரிய பகா எண் சிறியதைவிட அதிக முறை வாராமை என்னும் இவ்வினத்தின் இலக்கணம் இரண்டும் அதனிடம் குறைவறப் பொருந்தியுள்ளன. முறைகளோடு ஒவ்வொன்று கூட்டி, 7, 5, 3, 3, 2, 2, 2, 2 எனப் பெருக்கினால் அதை வகுப்பவை 5,040 என்பது புலனாகும். (அந்த 5,040-உம் இவ்வினத்தைச் சேர்ந்ததே, அதை வகுப்பவை நாம் தொடங்கிய 60.) விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது!

இதனை மறைக்க வேண்டுமென்று நாம் கருதவில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினாள் என்று மட்டும் சொல்லி அவரைக் கொண்டாடுவோர், அவர் சிலேட்டின்மேல் குனிந்து கழித்த இரவுகளை மறந்து விடுகின்றனர். அருளால் மட்டும் வந்த பட்டியலில் விடுதல் நேராது. வரிவரியாய் உழைத்தவனுக்கே ஒரு வரி தப்பும்.

சங்கத்தின் பண முடையால் 1915-இல் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினராகி, மறு வருஷம் நோயுடன் திரும்பிய ராமாநுஜம், 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் 32-ஆம் வயதில் காலமானார். அப்பகுதி அச்சு வடிவம் பெற்றது 1997-இல்.