கல் பங்களா கட்டிய கலெக்டர்

ஊட்டிக்கு டூர் போனா ஏரியில போட்ல சுத்துவோம், வர்க்கி வாங்குவோம், திரும்பிடுவோம். அந்த ஏரியை வெட்ட வைத்த ஜான் சல்லிவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை!

1788-ல் லண்டனில் பிறந்தவர். நம்ம வயசிலேயே, 1804-ல், சென்னைக்கு வேலைக்கு வந்துட்டார். 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர். 1819-ல் பாதையில்லாத நீலகிரியில் ஏறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார்.

பிறகு ஊட்டியில் தோடர்களிடம் நிலம் வாங்கி, 1822-ல் கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் வைத்த பெயர் கல் பங்களா. சுற்றிலும் தோட்டம் போட்டு உருளைக்கிழங்கு, பார்லி எல்லாம் பயிரிட்டுப் பார்த்தார்.

மலை தோடர்களுக்கே சொந்தம், எடுத்தால் நஷ்டஈடு கொடுக்கணும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடினார். (அவரும் நிறைய நிலம் வாங்கிப் போட்டவர்தான், அதையும் சொல்லணும்!) மலையில் பட்டா எவ்வளவு பெரிய விஷயம்னு கல்வராயன் மலையிலிருந்து வரும் நம்ம தோழர்களைக் கேளுங்க, சொல்வாங்க.

1838-ல் மனைவியும் மகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச்சில் அடக்கம். சல்லிவன் 1841-ல் இங்கிலாந்து திரும்பி, 1855-ல் காலமானார்.

கல் பங்களா பிறகு அரசு அலுவலகமானது. சுற்றிலும் கட்டடங்கள் சேர்ந்தன. 1955 முதல் அங்கே அரசு கலைக் கல்லூரி. கன்னேரிமுக்கு வீடோ ரொம்ப நாள் இடிந்து கிடந்தது. 2000-க்குப் பிறகுதான் பழைய அமைப்பிலேயே எடுத்துக் கட்டி, சிவப்பு வண்ணம் பூசி, மியூசியம் ஆக்கினார்கள். அடுத்த டூர்ல சாரிடம் சொல்லி கோத்தகிரியிலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லணும்.