ஹியூகோ வுட்

ஹியூகோ பிரான்சிசு ஆண்ட்ரூ வுட் (1870–1933) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய வன அலுவலர் ஆவார். ஆனைமலையில் பெருமளவு வெட்டப்பட்டு அழிந்திருந்த தேக்குக் காடுகளை மீண்டும் வளர்த்தெடுத்தமைக்காக அறியப்படுகிறார்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்திற்கும், பின்னர் தொடருந்துப் பாதைகளுக்கும் வெட்டப்பட்டது. யானைகள் மலைவிளிம்புவரை இழுத்துவந்த மரங்கள் அங்கிருந்து சரிவில் தள்ளிவிடப்பட்டன. டாப்சிலிப் என்னும் பெயர் இதனால் வந்ததே. நிலம்பூரில் 1840களிலேயே தேக்கு நடவு தொடங்கியிருந்தது. ஆனைமலையிலோ வெட்டும் வேகத்திற்கு ஈடாக மரங்கள் வளரவில்லை.

பணி

1910களின் நடுவில் கோயம்புத்தூர் தெற்கு வனக்கோட்டத்தின் பொறுப்பு வுட்டிடம் வந்தது. மரங்களை அடியோடு அழிக்கும் முறையை நிறுத்தி, மறுதாம்பு முறையை அவர் கொண்டுவந்தார். இம்முறையில் மரம் வெட்டப்பட்டாலும் அடிக்கட்டை நிலத்திலேயே விடப்படும். வேர்த்தொகுதி முழுமையாக இருப்பதால், அதிலிருந்து எழும் தளிர் விதைக்கன்றைவிட விரைவாக வளரும். இதனால் அரசுக்கு மர வருவாயும் முற்றாக நின்றுபோகவில்லை.

காட்டில் நடக்கும்போதெல்லாம் வுட் சட்டைப்பையில் தேக்கு விதைகளை வைத்திருந்தார் என்றும், கைத்தடியால் குழியிட்டு அவற்றை விதைத்தார் என்றும் கூறப்படுகிறது. அவரைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட செய்தி இதுவே. ஆயினும் தேக்கு விதையின் ஓடு கடினமானது, முளைப்புத்திறன் குறைவு. எனவே காடு மீண்டதில் மறுதாம்பு முறைக்கே கூடுதல் பங்கு இருந்திருக்க வேண்டும்.

காட்டுயிர்களும் தேக்கும்

வுட்டின் நோக்கம் மர வளமே. காட்டுயிர்ப் பாதுகாப்பு அக்கால வனத்துறையின் முதன்மைப் பணியாக இருக்கவில்லை. தேக்கு மட்டும் நிறைந்த தோட்டம் இயற்கைக் காட்டிற்கு ஈடாகாது. பழமரங்களை நம்பி வாழும் இருவாச்சிக்கும் சிங்கவால் குரங்கிற்கும் அங்கு உணவு அரிது. எனினும், அருகிலுள்ள வால்பாறை மேட்டுநிலம் 1890களிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்களாக மாறியபோது, டாப்சிலிப் பகுதி காடாகவே நீடித்தது. யானை, காட்டெருது, புள்ளிமான் ஆகியவற்றின் வாழிடமும் பெருமளவு துண்டாடப்படவில்லை. 1976இல் இங்கு காட்டுயிர்ச் சரணாலயமும், 2007இல் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் அமைய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மரம் வெட்டுவதற்குப் பழக்கப்பட்ட யானைகளுக்கான முகாம், அண்மையிலுள்ள கோழிகமுத்தியில் பின்னாளில் வேறு பணிகளுக்குரியதாயிற்று.

இறப்பு

வுட் 1933 திசம்பரில் இறந்தார். அவரது விருப்பப்படி டாப்சிலிப்பில், அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கிடையே அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறை இன்றும் உள்ளது.